மதாம் ஓ வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்

சொற்களும் நம்மைப் போலவே வீடு கட்டி, வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, அக்கம்பக்கத்தாரோடு மனத்தாங்கலும் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்திய ஒரு காலம். அந்தக் காலத்தில் புதுச்சேரிக் கடற்கரைக்கு அடுத்த தெருவில், மஞ்சள் சுவரும் வெள்ளைக் கரையும் போட்ட பெரிய வீட்டில் மதாம் ஓ வசித்தாள். பிரெஞ்சு மொழியில் தண்ணீருக்கு அவள்தான் சொல். ஓ என்றால் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதா'னை அவள் காதுபட யாராவது சொல்லிவிட்டால் நாலு நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

மதாம் ஓ மெலிந்தவள். மெலிந்தவள் என்பதே மரியாதைக்குச் சொல்வதுதான். உடம்பென்று அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. பிறக்கும்போது அப்படி இல்லை. ரோமாபுரியில் ஆக்வா என்ற லத்தீன்காரிக்குக் கொழுகொழுவென்று பிறந்த பெண். அம்மாவைப் போலவே அவளுக்கும் தொண்டைக்குள்ளிருந்து 'க்'கென்று ஒரு சத்தம் வரும், நிறைகுடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைக்கிற மாதிரி. வடக்கே பிரான்சு தேசத்துக்குக் குடி போனதும் அந்தச் சத்தம் அவளுக்குப் பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு 'எவ்' என்று அழைத்துக்கொண்டாள். கொஞ்ச காலத்தில் அந்த 'வ்'வும் உறுத்தியது. 'இயோ' என்று இழுத்தாள். பிறகு இழுப்பதும் அலுத்துப்போனது. கழற்றிக் கழற்றிக் கடைசியில் குவிந்த உதடு ஒன்றுதான் மிஞ்சியது. அதற்கு ஓ என்று பெயர் வைத்து, இதுதான் நாகரிகம் என்று ஊருக்கெல்லாம் சொன்னாள்.

ஆள் இல்லாத குறையை ஆள்படை வைத்து ஈடுகட்டினாள். ஓ என்று ஒலிக்கிற அவள் பெயரை எழுதும்போது மட்டும் ஈ, ஏ, யூ என்று மூன்று எழுத்து வேண்டும்; அந்த மூன்று எழுத்துகளுக்கும் அந்த ஊர்ப் போலீஸ்காரர் போடுகிற சிவப்புத் தொப்பியை மாட்டி, வாசலில் காவலுக்கு நிறுத்தினாள். மூன்றும் சம்பளம் வாங்கும். ஒன்றும் வாய் திறக்காது. யார் வந்து எது கேட்டாலும் விறைத்துக்கொண்டு நிற்கும். உள்ளேயிருந்து வருகிற குரலுக்கும் வாசலில் நிற்கிற அந்த மூன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேரைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். "இத்தாலியில் அக்குவா இருக்கிறாள், ஸ்பெயினில் அகுவா இருக்கிறாள். இருவரும் அச்சு அசல் அம்மா ஜாடை. பாவம், முன்னேற வழி கிடைக்கவில்லை."

இவள் முன்னேறிய வழியையும் சொல்லிவிட வேண்டும். பெயரை வாடகைக்கு விட்டாள்.

முதலில் வந்தவர் முசே ஓ-தெ-கொலோன். ஜெர்மன் ஊர்க்காரர், சென்ட்டுப் புட்டி. 'கொலோன் ஊர்த் தண்ணீர்' என்று பெயர் போட்டுக்கொண்டார். பேச ஆரம்பித்தால் பாதி வாக்கியத்திலேயே ஆவியாகிவிடுவார். அடுத்து ஓ-தெ-வீ வந்தார். அந்தப் பெயருக்கு அர்த்தம் உயிர்த்தண்ணீர். உள்ளே இருப்பதென்னவோ பிராந்தி. எத்தனை பேர் உயிரை வாங்கினார் என்பதை அவர் பெயர்ப்பலகையில் போடவில்லை. மாடியறையை ஓ-தெ-ழவேல் எடுத்துக்கொண்டார். துணி வெளுக்கிற மருந்து அவர். எதைப் பார்த்தாலும் 'கறை, கறை' என்பார். பின்கட்டில் ஓ-ஃபோர்த், அதாவது வலுத்தண்ணீர், குடியேறினார். செப்பையே அரித்துப் படம் போடுகிற அமிலம். அவர் கைகுலுக்கிய பிறகு விரல் மிச்சமிருந்தால் அதிர்ஷ்டம்.

ஓ-பெனீத் என்ற தீர்த்தம் ஒருவர்தான் அந்தப் பெயர் வைத்தவர்களில் மெய்யான தண்ணீர். அவர் மாதாகோயில் வாசலிலேயே தங்கிவிட்டார். இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

வைரத்தின் பளபளப்புக்கும் அவள் பெயரே உண்டு. நம் ஊர் நகைக்கடைக்காரரும் நீரோட்டம் என்றுதான் சொல்கிறார், அதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். மதாம் ஓவோ மோதிர விரலைத் தூக்கிக் காட்டி, "இதற்குள் இருப்பதும் நான்தான்" என்பாள். தாகம் தணிக்கிற வேலை ஒன்றைத் தவிர உலகத்தில் மற்ற எல்லா வேலைக்கும் அவள் பெயர் ஓடியது.

குடித்தனக்காரர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"மதாம், வீட்டில் தண்ணீர் இருக்கக் கூடாது" என்றார் ஓ-தெ-வீ.

"என் பெயரே தண்ணீர்தானே, முசே?"

"பெயர் இருக்கட்டும், அதற்குத்தானே வாடகை. தண்ணீர்தான் ஆகாது. ஒரு துளி கலந்தால் என் காரம் போகும்."

"நான் வெள்ளையாகக் கலங்கிப் போவேன்" என்றார் கொலோன். "அந்த அவமானத்தை என்னால்..." என்று ஆவியானார்.

"என் வெளுப்பு நீர்த்துப்போகும்" என்றார் ழவேல். "என் பல் மழுங்கிவிடும்" என்றார் ஃபோர்த்.

மதாம் ஓ யோசித்தாள். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. முற்றத்துக் கிணற்றை மூடி மேலே பளிங்குக்கல் பாவினாள். குழாயை அடைத்தாள். நல்ல ஓட்டம் ஓடிக்கொண்டிருந்த வீடு காய்ந்து, சுத்தமாக, அமைதியாக ஆயிற்று. வந்தவர்களெல்லாம் "என்ன நேர்த்தியான வீடு!" என்றார்கள்.

அந்த வீட்டில் இதற்காக வருத்தப்பட்டவன் ஒருவன்தான். சமையற்கட்டில் பாத்திரம் கழுவுகிற கல்தொட்டி. அவன் பெயர் எவியே. மதாம் ஓ 'எவ்' என்று இருந்த நாளிலிருந்தே கூட இருக்கிற சொந்தக்காரன், அவளுக்குத் தம்பி முறை. எல்லாவற்றையும் கழற்றிப் போட்ட மதாம் ஓ, அந்தப் பழைய 'வ்'வை இவன் மட்டும் இன்னும் வாயில் வைத்துக்கொண்டிருப்பதால், விருந்தாளிகள் முன்னால் வர விடமாட்டாள். குழாய் அடைபட்ட நாளிலிருந்து அவன் வயிற்றில் சிலந்தி வலை பின்னியிருந்தது.

அந்த வருஷம் ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசத்துத் திருநாள், தெருவெல்லாம் அவர்கள் மூவண்ணக் கொடி. மதாம் ஓ வீட்டில் மத்தியான விருந்து. விருந்துக்குப் பெரிய விருந்தாளி முசே அகராதி. கனத்த ஆள், இரண்டு திண்டு போட்டால்தான் உட்காருவார். அவர் ஒரு சொல்லை ஒப்புக்கொண்டால் உலகம் ஒப்புக்கொண்ட மாதிரி. ஆக்வாவின் பெண்களில் யார் தாயின் வாரிசு என்று முடிவு சொல்லத்தான் அவர் வந்திருந்தார். அந்தப் பட்டத்துக்காக மதாம் ஓ எத்தனையோ காலமாகத் தவம் கிடந்தாள்.

அதற்காகவே கூடத்தில் தாயின் படத்தை மாட்டியிருந்தாள். ஓ-ஃபோர்த் செப்புத் தகட்டில் அரித்து எழுதிய படம். இடுப்பு ஒடிந்துவிடும்போல் மெலிந்திருந்தது, கழுத்து நீண்டிருந்தது, கையில் ஒரு பூ இருந்தது. உண்மையில் ஆக்வா ஒருநாளும் கையில் பூ பிடித்தவள் இல்லை. குடம் பிடிக்கவே அவளுக்குக் கை போதவில்லை.

அதே மத்தியானம், அதே வெயிலில், அந்த ஆக்வா கப்பலைவிட்டு இறங்கித் தெருவோடு நடந்து வந்துகொண்டிருந்தாள்.

லத்தீன்காரர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள் ஒருத்திதான் பாக்கி. போவதற்கு முன் பெண்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினாள். இத்தாலிப் பெண் செம்பு நிறையக் கொடுத்தாள். ஸ்பெயின்காரி குடத்தையே தூக்கி வந்து வைத்தாள். மூன்றாவது பெண் புதுச்சேரியில் பெரிய இடத்தில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு வந்தாள். வரும் வழியிலேயே நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மகள் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் ஒரு வாசல் திறந்திருந்தது. அது ஜலத்தின் வீடு.

"தாகமா இருக்கும்மா, ஒரு வாய் குடு" என்றாள் ஆக்வா.

ஜலம் நிலைப்படிக்கு உள்ளேயே நின்றுகொண்டாள். "குடுக்கறதுக்கென்ன, பேஷா குடுக்கலாம். நீங்க எந்த ஊர்? என்ன மனுஷா?"

"ரோமாபுரி. லத்தீன்காரங்க."

"அப்படியா! எங்க சமஸ்கிருதத்துக்கு ஒரு வகையில தூரத்து உறவுன்னு சொல்லுவா. ஆனாலும் பாருங்கோ, கொஞ்சம் தள்ளி அந்த ஓரமா நின்னுக்கோங்கோ. கையை ஏந்துங்கோ, நான் மேலேர்ந்து விடறேன். செம்பு மேல படாம."

ஆக்வா ஏந்தப் போன கையைக் கீழே போட்டாள். "ஏந்தி எனக்குப் பழக்கமில்லம்மா. ஊத்தித்தான் பழக்கம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அடுத்த வீடு தண்ணியுடையது. இடுப்பில் சாவிக்கொத்தோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். தெருமுனைச் சாராயக் கடையில் அவளுக்கு வேலை. அந்த ஊரில் அவள் பெயரைச் சொன்னாலே ஆண்பிள்ளைகள் கண்ணடிக்கிற அளவுக்கு அந்த வேலையில் ஊறிப்போனவள். மதாம் ஓவின் வாடகைப் பிழைப்பைப் பார்த்து முதலில் சிரிக்கிறவளும் அவள்தான்.

"தண்ணி வேணும்மா" என்றாள் ஆக்வா.

"இந்நேரத்துக்கா? கடையே தொறக்கல ஆயா. இந்த வயசுல உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"குடிக்கிற தண்ணிம்மா."

"நானும் அதத்தான சொல்றேன். சரி, உள்ள பானையில கொஞ்சம் கிடக்கும், இரு. நீ யாரு, எங்க போற?"

"இதோ இந்த மஞ்ச வீட்டுக்கு. ஓ என் மவதான்."

தண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். "மதாம் உன் மவளா! பெரிய இடத்து மாமியார் மாதிரி உள்ள போயி உக்காந்து கேளு ஆயா. தண்ணியோட பேரையே வச்சிருக்கா, அவ வீட்ல இல்லாததா? என் வீட்டுப் பானைத் தண்ணி உனக்கு எதுக்கு?"

ஆக்வாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. மகள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டு அடுத்த வீட்டில் குடிப்பானேன் என்று நடந்தாள்.

வாசலில் மூன்று எழுத்துகளும் விறைத்து நின்றன. அவள் கேட்டதற்கு ஒன்றும் பதில் சொல்லவில்லை. கதவைத் தட்டினாள். கொலோன் திறந்தார். திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பிச்சைக்காரர்களுக்குச் சனிக்கிழமை..." என்று ஆரம்பித்து, பாதியில் ஆவியானார்.

"ஓவைக் கூப்பிடு. அம்மா வந்திருக்கேன்னு சொல்லு."

மதாம் ஓ பட்டுக்குடை மாதிரி சரசரத்துக்கொண்டு வந்தாள். வாசலில் ஒரு குண்டு ஸ்திரீ. முழங்கால் வரை புழுதி. தோள் இரண்டும் குடம் சுமந்து காய்ப்பேறியிருந்தன. குரல் தொண்டையின் அடியிலிருந்து 'க்' 'க்'கென்று வந்தது.

"என்னடி இது, இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்றாள் ஆக்வா. "உன்கிட்ட ஒண்ணையுமே காணமே! சரி, அதெல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல ஒரு வாய் தண்ணி குடு, நாக்கு ஒட்டிக்கிச்சு."

மதாம் ஓவுக்கு அடையாளம் தெரியாமல் இல்லை. கூடத்துப் படத்தோடு ஒத்துப் பார்க்கவும் அவசியம் இருக்கவில்லை. தெரிந்ததுதான் அவளுக்குச் சங்கடம். உள்ளே முசே அகராதி கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இந்தத் தோளையும் இந்தப் புழுதியையும் அவர் பார்த்தால் படத்துக்கு என்ன மரியாதை?

"பர்தோன், பெரியவளே" என்றாள் மதாம் ஓ, அந்நியரிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில். "இன்றைக்கு விருந்து. நீ பின்பக்கமாகச் சமையற்கட்டுக்குப் போ. விருந்தாளி போனபிறகு பார்க்கலாம்."

ஆக்வா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பின்பக்கமாகப் போனாள். தாகத்தில் கோபம்கூட வரவில்லை.

சமையற்கட்டில் அவளைப் பார்த்ததும் கல்தொட்டி எவியே பதறிப்போனான்.

"பெரியம்மா! நீங்களா? இந்த வழியாவா வந்தீங்க?"

"நீயாவது அடையாளம் கண்டுக்கிட்டியேடா. ஒரு வாய் தண்ணி குடு."

எவியே வாயைத் திறந்து காட்டினான். சிலந்தி ஒன்று ஓரமாக நகர்ந்தது.

"குழாய அடைச்சிட்டாங்க பெரியம்மா. கிணத்த மூடிட்டாங்க. வாடகைக்கு இருக்கிறவங்களுக்குத் தண்ணி ஒத்துக்காதாம். இந்த வீட்ல தண்ணின்னு பேரு இருக்கே தவிர, துளி தண்ணி கிடையாது."

ஆக்வா சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். எவியே கூடத்துப் பக்கம் திரும்பிக் கத்தினான். "அக்கா! பெரியம்மாவுக்கு முடியல! யாரையாவது அடுத்த வீட்டுக்கு அனுப்புங்க!"

கூடத்தில் யாருக்கும் காது கேட்கவில்லை. மதாம் ஓ அப்போது தன் பூர்வீகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரோமாபுரியின் கால்வாய்கள், அரசர்கள் குளித்த தடாகங்கள், அவற்றிலெல்லாம் ஓடிய தன் தாய், அந்தத் தாயின் சாரமே தானென்ற உண்மை. "மற்றவர்கள் அம்மாவின் உடம்பை வைத்துக்கொண்டார்கள், முசே. நான் ஆன்மாவை வைத்துக்கொண்டேன்" என்று முடித்தாள். குடித்தனக்காரர்கள் கைதட்டினார்கள்.

முசே அகராதி வாயைத் துடைத்துக்கொண்டார். எதைச் சொன்னாலும் எண் போட்டுச் சொல்வது அவர் வழக்கம். "அழகாகச் சொன்னீர்கள், மதாம். ஒன்று, மகிழ்ச்சி. இரண்டு, சந்தேகம். படம் பேசாது. உங்கள் சகோதரிகளும் வாரிசு கேட்கிறார்கள். அவர்கள் முகத்தில் தாய் ஜாடை இருக்கிறது. உங்கள் முகத்தில்..." அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "தேடித்தான் பார்க்க வேண்டும். ஆக்வா அம்மாள் இன்று கப்பலில் வந்து இறங்கியதாகக் கேள்வி. அவர் வாயால் ஒரே ஒருமுறை 'இவள் என் மகள்' என்று சொல்லட்டும். இப்போதே உங்களை வாரிசு என்று அறிவித்துவிடுகிறேன்."

மதாம் ஓ எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. சமையற்கட்டுக்கு ஓடினாள்.

"அம்மா!" என்று கட்டிக்கொண்டாள். எத்தனையோ நூறு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை அவள் வாயில் வந்தது. வந்த வேகத்திலேயே தாயின் தோள்மேல் ஒரு பட்டுச் சால்வையைப் போட்டுப் புழுதியை மறைத்தாள். குடித்தனக்காரர்களைக் கூப்பிட்டு, தூக்கிவந்து கூடத்துப் பெரிய நாற்காலியில், படத்துக்குக் கீழே உட்கார வைத்தாள்.

"இதோ என் தாய், முசே! என்னைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். சொல்லுங்கள் அம்மா. 'இவள் என் மகள்'. இரண்டே வார்த்தை போதும். 'என் மகள்' என்று சொல்லுங்கள்."

ஆக்வா வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நாக்கு காய்ந்த தோலாக ஒட்டிக்கிடந்தது. கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள்.

"தண்ணீர் கேட்கிறார்" என்றார் முசே அகராதி. "ஒரு தம்ளர் தண்ணீர் கொடுங்கள். ஒன்று, தாகம் தீரும். இரண்டு, பேச்சு வரும்."

கூடத்தில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, நாலு பேர் முன்னிலையில் பெயர் எடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நினைத்துக் குடித்தனக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்.

"நானிருக்கிறேனே!" என்று கொலோன் அவள் நெற்றியில் தெளித்தார். வாசனை வந்தது, அவர் போய்விட்டார்.

"உயிர்த்தண்ணீர் இருக்கும்போது உயிருக்கென்ன பயம்?" என்று ஓ-தெ-வீ அவள் நாக்கில் ரெண்டு சொட்டு விட்டார். வெடித்த நாக்கில் நெருப்புப் பட்டதுபோல அவள் துடித்தாள்.

"முதலில் இந்தப் புழுதியை வெளுத்துவிடலாம்" என்றார் ழவேல். ஃபோர்த் மட்டும் கொஞ்சம் யோக்கியர். "என்னைக் குடித்தால் தொண்டையே இருக்காது. வேண்டுமானால் இன்னொரு படம் போட்டுத் தருகிறேன்" என்றார்.

சமையற்கட்டிலிருந்து எவியேயின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "அக்கா! பக்கத்து வீட்ல பானையில தண்ணி இருக்கு! ஒரு சொம்பு வாங்கிட்டு வாங்க! பெத்தவளுக்குக் கடைசி நேரத்துல ஒரு வாய் தண்ணி விடாட்டி, நாமெல்லாம் பிள்ளைன்னு எதுக்கு இருக்கோம்?"

மதாம் ஓவின் முகம் வெளிறியது. முசே அகராதிக்குக் கேட்காத குரலில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அந்தச் சாராயக் கடைக்காரியிடமா? ஓ வீட்டில் தண்ணீர் இல்லை என்று நானே தெருவில் போய்ச் சொல்ல வேண்டுமா? நாளைக்கு அவள் கடைக்கு வருகிறவனெல்லாம் சிரிப்பான்."

தாயின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பட்டம் கைநழுவிப்போகிறதே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்தும் தான் போகவில்லை. வாசலில் நின்ற மூன்று எழுத்துகளையும் அனுப்பினாள்.

மூன்றும் அணிவகுத்து அடுத்த வீட்டுக்குப் போயின. அதற்குள் ஆயாவின் நினைப்பு வந்து கடைக்குப் போகாமல் நின்றிருந்த தண்ணி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "என்னய்யா வேணும்?"

மூன்றும் விறைத்து நின்றன.

"வாயத் தொறந்து சொல்லுங்கய்யா. ஆயாவுக்கு ஏதாவதா? தண்ணி வேணுமா?"

பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் போட்டறியாத வாய்கள் அன்றைக்கு மட்டும் எப்படித் திறக்கும்? தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வந்த மாதிரியே திரும்பி நடந்தன. தண்ணிக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய்ச் செம்பை நிரப்பிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அவள் வாசலுக்கு வந்தபோது எழுத்துகள் மூன்றும் பழைய இடத்தில் காவலுக்கு நின்றுவிட்டன. மூடிய கதவை அவள் தட்டத் தட்ட, உள்ளே மதாம் ஓ "கதவைத் திறக்காதீர்கள், வெளியார் யாரும் இப்போது வரக் கூடாது" என்றாள்.

ஆக்வா கடைசியாக ஒருமுறை மகளைப் பார்த்தாள். வாய் மெதுவாகத் திறந்து, வட்டமாகி, அப்படியே நின்றுவிட்டது. நாற்காலிக் கையிலிருந்து அவள் கை வழுக்கிக் கீழே விழுந்தது.

வெளியே கதவு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மதாம் ஓ திடீரென்று முசே அகராதி பக்கம் திரும்பினாள். "பார்த்தீர்களா, முசே? உதட்டைப் பார்த்தீர்களா? வட்டமாகக் குவித்தாரே! என் பெயரைத்தான் சொன்னார். 'ஓ' என்றார். நீங்களே சாட்சி!"

முசே அகராதி இரண்டு திண்டையும் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் அதிகம் கோபப்படுகிறவர் இல்லை.

"மதாம், எனக்கு வாயின் எல்லா வடிவமும் தெரியும். அது உங்கள் பெயர் இல்லை" என்றார். "அது தாகம்."

இந்தத் தடவை அவர் எண் போடவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். வாசலில் செம்போடு நின்ற தண்ணி எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் இருந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "என் வூட்டுப் பானையிலயே குடுத்திருப்பேனே, நானே கெடுத்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அகராதி அவளைக் கடந்து படியிறங்கிப் போனார். அவர் போனதும் எழுத்துகள் கதவைச் சாத்திவிட்டன.

கூடத்தில் இப்போது மதாம் ஓவும், குடித்தனக்காரர்களும், நாற்காலியில் ஆக்வாவும்தான் இருந்தார்கள்.

மதாம் ஓ தாயின் பக்கத்தில் வந்து நின்றாள். சால்வை நழுவியிருந்தது. காய்ப்பேறிய தோள் தெரிந்தது. அந்தத் தோளில் ஏறி உட்கார்ந்து ரோமாபுரி வீதியெல்லாம் பார்த்தது அவளுக்கு எங்கிருந்தோ நினைவு வந்தது. மூக்கு நுனி சிவந்தது. வலது கண்ணில் ஒரு துளி திரண்டு இமையோரத்தில் நின்றது.

கிணறு மூடிய பிறகு அந்த வீட்டில் ஊறிய முதல் தண்ணீர் அது. அவள் கொஞ்சம் குனிந்திருந்தால் போதும். திறந்திருந்த அந்த வாயில் நேராக விழுந்திருக்கும்.

"மதாம்!" என்று அலறினார் ஓ-தெ-வீ. நாலு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். "என்ன காரியம் செய்கிறீர்கள்? நிபந்தனை என்ன? தண்ணீர், மதாம், தண்ணீர்!"

மதாம் ஓ நிமிர்ந்தாள். கொலோன் நீட்டிய கைக்குட்டையை வாங்கி, துளி கீழே விழுவதற்குள் கண்ணை ஒற்றித் துடைத்துக்கொண்டாள்.

"பர்தோன், முசே" என்றாள்.

பெற்றவளின் வாய் திறந்தபடியே இருந்தது.